உறுதிமொழியின் எல்லை: ஹோசே அபாத் சாண்டோஸ் விட்டுச்சென்ற கேள்வி

அந்நியப் படை ஒன்று ஒரு நாட்டைப் பிடித்துக்கொள்ளும்போது, அந்நாட்டின் நீதிபதிகளும் அரசு அலுவலர்களும் அதுவரை எடுத்திருந்த பதவி உறுதிமொழி என்னவாகிறது? அது வென்றவருக்கு உரியதாக மாறிவிடுமா, போர் முடியும்வரை உறங்கிக் கிடக்குமா, துப்பாக்கி முனையிலும் பழையபடியே கட்டுப்படுத்துமா? இரண்டாம் உலகப் போரில் நார்வே முதல் கிரீஸ் வரை பல நாடுகள் இக்கேள்வியைச் சந்தித்தன. ஆசியாவில் அதை மிகத் தெளிவாகச் சந்தித்த நாடு பிலிப்பைன்ஸ் என்று சொல்லலாம். அதற்குத் தம் உயிரையே விடையாகக் கொடுத்தவர் அந்நாட்டின் ஐந்தாவது தலைமை நீதிபதி ஹோசே அபாத் சாண்டோஸ்.

தமிழ் வாசகர்களில் பலருக்கு மகசேசே விருதின் வழியாக ஒரு பிலிப்பைன்ஸ் தலைவரின் பெயர் பழக்கம். ஹோசே ரிசாலின் பெயரும் சிலருக்குத் தெரிந்திருக்கும். அபாத் சாண்டோஸ் அந்த அளவுக்கு வெளியே அறியப்பட்டவர் அல்லர். அவருடைய சொந்த நாட்டிலும் அவரது மரணம் எல்லாருக்கும் தெரியும், வாழ்க்கை சிலருக்கே தெரியும் என்ற நிலைதான் இருக்கிறது. ஆனால் அவரது மரபைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர், அந்த மரணத்தோடு நின்றுவிடாமல், அதற்கு முன்னிருந்த முப்பது ஆண்டு அரசுப் பணியையும், அதற்குப் பின் அதே கேள்வியை அந்நாட்டு நீதிமன்றங்கள் கையாண்ட விதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எந்த நாடு, எந்த அரசு

ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸ், 1898இல் பாரிஸ் உடன்படிக்கையின்படி அமெரிக்காவின் கைக்குச் சென்றது. அதற்கு ஈடாக ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. விடுதலை கோரிப் போராடிய பிலிப்பினோக்களை ஒரு கொடிய போரில் ஒடுக்கிய பிறகு, அமெரிக்கா பள்ளிகளையும் நீதிமன்றங்களையும் தேர்தல்களையும் படிப்படியாக அமைத்தது. 1934இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, 1935 நவம்பரில் பிலிப்பைன்ஸ் காமன்வெல்த் என்ற தன்னாட்சி அரசு தொடங்கியது. பத்தாண்டு இடைக்காலத்துக்குப் பின் 1946 ஜூலை 4 அன்று முழு விடுதலை என்று நாளும் குறிக்கப்பட்டிருந்தது. மானுவேல் கெசோன் குடியரசுத் தலைவராகவும் செர்ஹியோ ஒஸ்மேனியா துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

இந்த இடைக்கால ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருந்தது. 1935ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தோடு இணைக்கப்பட்ட விதிகளின்படி, விடுதலை வரும்வரை பிலிப்பைன்ஸ் குடிமக்கள் அனைவரும் அமெரிக்காவுக்குப் பற்றுறுதி கொண்டவர்களாக இருக்க வேண்டும். ஆகவே ஒரு பிலிப்பினோ அலுவலர் எடுத்த உறுதிமொழி தம் நாட்டின் அரசமைப்பையும், ஆளும் வல்லரசின் மேலாண்மையையும் ஒருசேரக் குறித்தது. விடுதலைக்காக உழைத்த ஒருவர், இன்னும் விடுதலை தராத ஒரு நாட்டுக்கு உறுதிமொழி எடுத்திருந்தார் என்ற இந்த முரண் கதை முழுவதும் உடன் வருகிறது.

1942க்கு முந்தைய மனிதர்

அபாத் சாண்டோஸ் 1886 பிப்ரவரி 19 அன்று பம்பாங்கா மாகாணத்தின் சான் பெர்னாண்டோவில் பிறந்தார். அரசு உதவித்தொகை பெற்று 1904இல் அமெரிக்கா சென்ற அவர், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1908இல் சட்டப் பட்டமும், அடுத்த ஆண்டு ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மேற்பட்டமும் பெற்றார். 1911இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, அரசின் நீதித்துறை அலுவலகத்தில் பணிபுரிந்தார். பிறகு பிலிப்பைன்ஸ் தேசிய வங்கியின் முதல் வழக்கறிஞரானார். விடுதலை கோரி அமெரிக்கா சென்ற குழுவுக்குச் சட்ட ஆலோசகராக இருந்தார். பெண்களே சேர்ந்து தொடங்கிய ஒரு கல்லூரி, பின்னாளில் பிலிப்பைன் மகளிர் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதன் அமைப்பு விதிகளை எழுதித் தந்தவரும் அவரே. இவற்றில் வீரச் செயல் என்று எதையும் காட்ட முடியாது. ஆவணங்களைச் சரியாக எழுதும் ஒரு சட்டத்தரணியின் பொறுமையான உழைப்பு அது.

அவருடைய குணத்தைக் காட்டும் நிகழ்ச்சி 1923 ஜூலையில் நடந்தது. அப்போது லெனார்டு வுட் என்ற அமெரிக்கப் படைத்தலைவர் ஆளுநராக இருந்தார். நீதித்துறைச் செயலர் அபாத் சாண்டோஸ், உள்துறைச் செயலர் ஹோசே பி. லாரெல். செயலர் என்பது அங்கே அமைச்சர் பதவி. லஞ்சம் வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ரே கான்லி என்ற அமெரிக்கத் துப்பறியும் காவல் அலுவலரை, நீதிமன்றம் விடுவித்த பிறகு மீண்டும் பணியில் சேர்க்குமாறு வுட் ஆணையிட்டார். காவல்துறை தம் பொறுப்பில் இருக்கும்போது ஆளுநர் நேரடியாகத் தலையிடுவது பதவியைப் பொருளற்றதாக்குகிறது என்று கருதிய லாரெல் விலகினார். அவரைத் தொடர்ந்து அபாத் சாண்டோஸ் உள்ளிட்ட பிலிப்பினோ அமைச்சர்களும் விலகினார்கள். அதிகாரம் இல்லாத பதவியில் அலங்காரமாக உட்கார்ந்திருக்க அவர்கள் இணங்கவில்லை.

இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இருவரும் சட்டம் கற்றவர்கள், ஒரே அமைச்சரவையில் இருந்து ஒரே காரணத்துக்காக வெளியேறியவர்கள், பின்னர் ஒரே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளாக அமர்ந்தவர்கள். 1936இல், தேர்தல் தகராறுகளை விசாரிக்கும் ஆணையத்தின் அதிகாரம் எவ்வளவு என்ற வழக்கில், அரசின் மூன்று கிளைகளுக்கும் எல்லை வகுக்கும் புகழ்பெற்ற தீர்ப்பை லாரெல் எழுதினார். இன்றும் அந்நாட்டுச் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு அது. அதே வழக்கில் அபாத் சாண்டோஸ் முடிவை ஏற்றுக்கொண்டு, சில கருத்துகளில் மாறுபட்டுத் தனியே ஓர் உரை எழுதினார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் இவ்விருவரும் போன வழிகள் வெகுதூரம் விலகிப்போயின. அது ஒருவர் நல்லவர், மற்றவர் தீயவர் என்பதால் நேர்ந்ததாக நான் நினைக்கவில்லை.

அவரது குடும்பத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. அவருடைய அண்ணன் பெத்ரோ அபாத் சாண்டோஸ், பிலிப்பைன்ஸ் சோசலிஸ்ட் கட்சியைத் தோற்றுவித்து, பம்பாங்காவின் குத்தகை விவசாயிகளைத் திரட்டியவர். தம்பி நீதித்துறைச் செயலராக இருந்த காலத்திலேயே அண்ணன் நிலவுடைமையாளர்களுக்கு எதிரான போராட்டங்களை வழிநடத்தினார். ஜப்பானியர் மணிலாவைப் பிடித்த சில வாரங்களிலேயே பெத்ரோவைக் கைது செய்தார்கள். சிறையில் நலிந்த அவர் 1945இல் இறந்தார். இந்த அண்ணனைப் பற்றி இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும் என்பது என் எண்ணம். இங்கே அதற்கு இடமில்லை.

தலைமை நீதிபதியின் நான்கு மாதங்கள்

பெர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட சில மணி நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் பிலிப்பைன்ஸையும் தாக்கின. 1941 டிசம்பர் 22 அன்று பெரும்படை லிங்காயென் வளைகுடாவில் இறங்கியது. 24ஆம் நாள் கெசோன் தம் குடும்பத்தோடும் சில அமைச்சர்களோடும் மணிலா வளைகுடாவின் வாயிலில் உள்ள கொரெகிடோர் தீவுக் கோட்டைக்குப் புறப்பட்டார். அதே நாளில் அபாத் சாண்டோஸ் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். உச்ச நீதிமன்றத்தின் தலைவராக, அமைதியான ஒரு நாள்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

டிசம்பர் 30 அன்று கொரெகிடோரில், மலிண்டா சுரங்கத்தின் வெளியே, கெசோனும் ஒஸ்மேனியாவும் இரண்டாம் முறையாகப் பதவியேற்றபோது அவர்களுக்கு உறுதிமொழி செய்துவைத்தவர் புதிய தலைமை நீதிபதி. தலைநகரம் விழப்போகிறது, குண்டுகள் எந்நேரமும் விழக்கூடும் என்ற சூழலிலும், அரசமைப்பு சொல்லும் நாளில் அது சொல்லும் முறையில் பதவியேற்பு நடந்தாக வேண்டும் என்று அவர்கள் கருதியது கவனிக்கத்தக்கது. ஒரு நாட்டின் நிலப்பரப்பு முழுவதும் பறிபோனாலும் அதன் சட்டத் தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாது என்ற எண்ணமே அதற்குக் காரணம். மூன்று நாள் கழித்து, 1942 ஜனவரி 2 அன்று, ஜப்பானியர் மணிலாவுக்குள் நுழைந்தார்கள்.

பிப்ரவரியில் கெசோன் குழுவினர் நீர்மூழ்கிக் கப்பலில் கொரெகிடோரை விட்டு வெளியேறி, விசாயாஸ் தீவுகளுக்குச் சென்றார்கள். அங்கிருந்து மிந்தனாவோ, பின் ஆஸ்திரேலியா, இறுதியில் அமெரிக்கா என்று பயணத்தைத் தொடர கெசோன் முடிவு செய்தபோது, தலைமை நீதிபதியும் உடன் வரலாம் என்ற வாய்ப்பு இருந்தது. அபாத் சாண்டோஸ் நாட்டிலேயே தங்குவதாகச் சொன்னார். மார்ச்சில், நெக்ரோஸ் தீவில் இருந்தபோது, இன்னும் ஜப்பானியர் பிடிக்காத பகுதிகளில் தம் சார்பாக அரசு நடவடிக்கைகளை மேற்கொள்ளும் அதிகாரத்தைக் கெசோன் எழுத்து மூலம் அவருக்கு அளித்தார். நீதித்துறையின் தலைவர் நிர்வாகத் தலைவரின் பதிலாளாகவும் ஆன இந்த ஏற்பாடு, போர்க்காலத்துக்கே உரிய விந்தை.

ஏப்ரல் 10 அன்று ஜப்பானியர் செபு தீவில் இறங்கினார்கள். மறுநாளே அபாத் சாண்டோஸும், பெப்பீட்டோ என்று அழைக்கப்பட்ட அவருடைய மகனும் காரில் போகும் வழியில் பிடிபட்டார்கள். தாம் யார் என்பதை அவர் மறைக்கவில்லை. ஜப்பானியர் அவரிடம் கேட்டது அவர்களுடைய நிர்வாகத்தோடு ஒத்துழைக்க வேண்டும், அமெரிக்காவின் மீதான பற்றுறுதியைக் கைவிட வேண்டும் என்பது. அவ்வாறு செய்தால் தாம் எடுத்த உறுதிமொழியை மீறியவர் ஆவேன் என்பதே அவரது விடை. வீர வசனமாக இல்லாமல், ஒரு சட்டத்தரணி ஒப்பந்த வாசகத்தைச் சுட்டிக்காட்டுவது போன்ற அந்த விடையில் அவருடைய முழு வாழ்க்கையும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

செபுவில் சில வாரம் காவலில் வைக்கப்பட்ட பின், தந்தையும் மகனும் மிந்தனாவோவின் லனாவோ பகுதியில் உள்ள மலாபாங்கிற்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். மே மாதத் தொடக்கத்தில் அங்கே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நாளைப் பற்றி நூல்களுக்குள் வேறுபாடு உண்டு. மகனைக் கடைசியாகச் சந்தித்தபோது, அழக் கூடாது என்றும், நாட்டுக்காக உயிர்விடும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்றும் சொன்னதாக, உயிர்தப்பிய பெப்பீட்டோ பின்னர் தெரிவித்தார். வயது 56. உடல் இன்றுவரை கண்டெடுக்கப்படவில்லை.

அவரைப் பிடித்த படைப்பிரிவின் தலைவர் கவாகுச்சி கியோதாகே, கைதியைக் கொல்ல வேண்டாம் என்று மணிலாவில் இருந்த மேலிடத்திடம் கேட்டுப் பார்த்தவர். ஆணை உறுதியாக வந்ததும் அதை நிறைவேற்றியவர். போருக்குப் பின் நடந்த போர்க்குற்ற விசாரணையில் இந்தக் கொலைக்காக அவருக்கு ஆறு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேலிருந்து வந்த ஆணைக்குக் கீழ்ப்படிவதா, தம் மனசாட்சிக்குக் கீழ்ப்படிவதா என்ற கேள்வி அன்று சுடச் சொன்னவர் முன்னும் இருந்தது. சுடப்பட்டவர் தம் விடையை முன்பே சொல்லிவிட்டார்.

ஆக்கிரமிப்பு என்றால் சட்டத்தில் என்ன பொருள்

இப்போது கருத்தாக்கத்துக்கு வருவோம். ஒரு நிலப்பகுதியைப் படைபலத்தால் கைக்கொள்வது ஆக்கிரமிப்பு; அதைச் சட்டப்படி தன் நாட்டின் பகுதியாக்கிக்கொள்வது வேறு. போர் நடந்துகொண்டிருக்கும்போது முதலாவது மட்டுமே நிகழ முடியும் என்பது பன்னாட்டுச் சட்டத்தின் அடிப்படை. அடியாட்களோடு ஒருவர் வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டால் சாவி அவர் கையில் இருக்கும். பட்டா அவர் பெயருக்கு மாறிவிடாது.

1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் இதை எழுத்தில் வகுத்திருக்கின்றன. ஜப்பானும் அவற்றை ஏற்ற நாடு. ஆக்கிரமித்த தரப்பு பொது ஒழுங்கைக் காக்க வேண்டும், இயலாத நிலை ஏற்பட்டாலன்றி அந்நாட்டில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கும் சட்டங்களை மதிக்க வேண்டும் என்கிறது 43ஆம் பிரிவு. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியின் மக்களைப் பகை வல்லரசுக்குப் பற்றுறுதி கூறும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 45ஆம் பிரிவு. அபாத் சாண்டோஸிடம் கேட்கப்பட்டது இந்த இரண்டாவது விதி தடுத்த செயலோடு மிக நெருங்கியது என்பதை அறிந்தால், அவருடைய மறுப்பு தனிமனிதப் பிடிவாதம் என்ற நிலையிலிருந்து உயர்ந்து, சட்டம் அறிந்த ஒருவரின் நிலைப்பாடாகத் தெரியும்.

ஆனால் அதே 43ஆம் பிரிவு இன்னொரு கதவையும் திறந்துவைக்கிறது. ஒழுங்கு காக்கப்பட வேண்டுமானால் யாரோ ஒருவர் காவல் நிலையத்தை நடத்த வேண்டும், அரிசி பங்கிட வேண்டும், மருத்துவமனையையும் தண்ணீர்க் குழாயையும் கவனிக்க வேண்டும், சொத்துத் தகராறை விசாரிக்க வேண்டும். ஆக்கிரமிப்பாளரின் கீழ் இந்த வேலைகளைச் செய்கிற உள்ளூர்க்காரர் துரோகியா? ஒத்துழைப்பு என்ற சொல்லுக்குள் அரிசிக் கிடங்கின் எழுத்தரும், ஜப்பானிய வீரர்களுக்குத் தம் அயலாரைக் காட்டிக்கொடுத்தவரும், 1944இன் இறுதியில் ஜப்பானுக்காக ஆயுதம் ஏந்திய மக்கபிலி அமைப்பினரும், அமைச்சர் பதவியில் அமர்ந்தவரும் ஒன்றாக அடைக்கப்படும்போதுதான் குழப்பம் பிறக்கிறது. இவர்களுக்கிடையே உள்ள தூரம் மிகப் பெரியது.

அதே கேள்விக்கு வேறு விடைகள்

கெசோன் புறப்பட்டபோது எல்லாரையும் அழைத்துச் செல்லவில்லை. ஹோர்ஹே வர்காஸ், லாரெல், ஹோசே யூலோ உள்ளிட்ட பலர் மணிலாவில் விடப்பட்டார்கள். மக்களுக்கும் படைக்கும் நடுவே நின்று இயன்றவரை துன்பத்தைக் குறைப்பதே அவர்களுடைய வேலை. ஜப்பானுக்குப் பற்றுறுதி கூறுவது நீங்கலாக மற்ற எதையும் செய்யலாம் என்று அமெரிக்கப் படைத்தலைவர் மெக்ஆர்தர் சொன்னதாக அவர்கள் தரப்பில் பின்னர் கூறப்பட்டது. ஜனவரியில் வர்காஸ் தலைமையில் நிர்வாக ஆணையம் அமைந்தது. லாரெல் அதில் நீதித்துறையை ஏற்றார். 1943 அக்டோபர் 14 அன்று, ஜப்பானின் ஆதரவில் அறிவிக்கப்பட்ட குடியரசின் தலைவராகவும் ஆனார். ஜப்பானின் நெருக்குதலுக்குப் பணிந்து 1944 செப்டம்பரில் அமெரிக்காவுடனும் பிரிட்டனுடனும் போர் நிலை நிலவுவதாக அறிவித்த அதே லாரெல், பிலிப்பினோ இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்க உடன்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, கொரில்லாப் போராளிகள் அவரைக் கோல்ஃப் திடலில் சுட்டுக் காயப்படுத்தியிருந்தார்கள். இவரைப் பொம்மை என்று ஒதுக்குவதும் எளிது, கேடயம் என்று புகழ்வதும் எளிது; இரண்டுக்கும் சான்று இருப்பதால் வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. பனாய் தீவின் இலோயிலோ மாகாண ஆளுநர் தோமாஸ் கான்ஃபெசர், சரணடையாமல் மலைக்காடுகளுக்குச் சென்று, அங்கிருந்தே குடிமை அரசை நடத்தினார். ஜப்பானியர் நியமித்த ஆளுநர் ஃபெர்மின் கராம் அவரைச் சரணடையும்படி அழைத்தபோது, 1943 பிப்ரவரியில் கான்ஃபெசர் எழுதிய மறுப்புக் கடிதம் எதிர்ப்பியக்கத்தின் அறிக்கையாகவே கொள்ளப்பட்டது. போருக்குப் பின் உள்துறைச் செயலராகி, ஜப்பானியருடன் ஒத்துழைத்தவர்கள்மீது கடுமையாக இருக்க வேண்டும் என்று வாதாடியவரும் அவரே.

அபாத் சாண்டோஸுக்கு மலையேற வாய்ப்பில்லாமல் போயிற்று. பிடிபட்டவருக்கு இருந்த வழி ஏற்பதா மறுப்பதா என்பது மட்டுமே. ஒரு கற்பனைக் கேள்வியை இங்கே தவிர்க்க முடியவில்லை. கெசோன் லாரெலை உடன் அழைத்துச் சென்று அபாத் சாண்டோஸை மணிலாவில் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? யாரும் விடை சொல்ல முடியாது. ஆனால் இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டவர் போர்க்கால மனிதர்களைப் பற்றிச் சற்று மெதுவாகவே தீர்ப்புச் சொல்வார்.

நீதிமன்றம் கணக்குப் பார்த்தது

1944 அக்டோபரில் லேய்ட்டி தீவில் இறங்கிய மெக்ஆர்தர், காமன்வெல்த் அல்லாத வேறு எந்த அரசின் சட்டங்களும் ஒழுங்குமுறைகளும் நடவடிக்கைகளும் செல்லாது என்று அறிவித்தார். அப்படியானால் ஜப்பானியர் காலத்தில் நடந்த சொத்து வழக்கு, கடன் வழக்கு, இவற்றின் தீர்ப்புகள் எல்லாம் வெற்றுத் தாளா? நின்றுபோன தம் வழக்கைத் தொடர்ந்து நடத்த வேண்டும் என்று கோ கிம் சாம் என்பவர் கேட்டபோது, மணிலாவின் நீதிபதி மறுத்தார். 1945 செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ஏற்கவில்லை. ஆக்கிரமிப்புக் கால அரசு சட்டப்படியானது அல்லவென்றாலும் நடைமுறையில் இருந்த அரசு. ஆகவே அரசியல் தன்மை இல்லாத அதன் நீதிமன்றத் தீர்ப்புகள் நிற்கும். மெக்ஆர்தரின் அறிவிப்பு நீதிமன்ற நடவடிக்கைகளைக் குறிக்கவில்லை என்றது பெரும்பான்மை. சில நீதிபதிகள் கடுமையாக மாறுபட்டு எழுதினார்கள்.

இத்தோடு நின்றிருந்தால் ஒத்துழைத்தவர்களுக்குச் சட்டம் முழுப் பாதுகாப்பு அளித்தது என்று பொருளாகியிருக்கும். ஆனால் 1947 ஜனவரியில் வந்த இன்னொரு வழக்கில் எதிர்த்திசையிலிருந்து எல்லை வகுக்கப்பட்டது. துரோகக் குற்றத்துக்காகக் காவலில் வைக்கப்பட்ட அனஸ்டாசியோ லாரெல் (இவர் குடியரசுத் தலைவராக இருந்த லாரெல் அல்லர்) ஆள்கொணர்வு மனு தாக்கல் செய்தார். ஆக்கிரமிப்பின்போது முறையான அரசின் அதிகாரம் இடைநிறுத்தப்பட்டது. அதனால் பற்றுறுதியும் இடைநிறுத்தப்பட்டது. ஆகவே துரோகம் என்ற குற்றமே எழாது என்பது அவரது வாதம். உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. குடிமகன் தன் அரசுக்குக் கொண்டிருக்கும் பற்றுறுதி நிரந்தரமானது. பகைவனின் ஆக்கிரமிப்பால் இறையாண்மை கைமாறுவதில்லை. அதைச் செலுத்தும் ஆற்றல் மட்டுமே தடைப்படுகிறது என்றது.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், முதலில் கேட்ட கேள்விக்குப் பிலிப்பைன்ஸ் சட்டம் தந்த விடை கிடைக்கிறது. அன்றாட வாழ்க்கை நடந்தாக வேண்டும்; ஆகவே எழுத்தரும் ஊர் நீதிபதியும் செய்த வேலை செல்லும். பற்றுறுதி மாறாது, ஆகவே பகைவனுக்கு உதவியது குற்றமே. செபுவில் ஒரு கைதி ஒற்றை வாக்கியத்தில் சொன்னதை ஐந்தாண்டு கழித்து அவருடைய நீதிமன்றம் கோட்பாடாக எழுதியது என்று இதைப் பார்க்கலாம். அந்தத் தீர்ப்பு அவருடைய சொல்லின் மேல் கட்டப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒரே சட்டக் கல்வியிலிருந்து பிறந்தவை.

கோட்பாடு தெளிவாக இருந்தாலும் நடைமுறை வேறுவிதமாகப் போயிற்று. துரோக வழக்குகளை விசாரிக்க 1945இல் மக்கள் நீதிமன்றம் என்ற தனி அமைப்பு உருவாக்கப்பட்டு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் அதன் முன் வந்தன. மிகச் சிலவே தண்டனையில் முடிந்தன. ஜப்பானிய ஆதரவு அரசில் பொறுப்பு வகித்த மானுவேல் ரோஹாஸ், மெக்ஆர்தரின் ஆதரவோடு அரசியலுக்குத் திரும்பி, 1946இல் ஒஸ்மேனியாவைத் தோற்கடித்துக் குடியரசுத் தலைவரானார். அரசியல், பொருளாதார வகையில் ஒத்துழைத்தவர்களுக்கு 1948 ஜனவரி 28 அன்று அவர் பொதுமன்னிப்பு அறிவித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளை எதிர்கொண்டிருந்த லாரெல் விசாரணையே இல்லாமல் விடுபட்டார். 1949இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் தோற்றாலும், 1951இல் செனட்டுக்கு முதலிடத்தில் வென்றார். மக்கள் மறந்துவிட்டார்கள் என்று சிலர் இதைக் குறை கூறுவார்கள். நாட்டின் படித்த வர்க்கம் சிறியது, அதில் பெரும்பகுதி ஏதோ ஒரு வகையில் ஒத்துழைத்திருந்தது, எல்லாரையும் தண்டித்தால் ஆள ஆளில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டாவது காரணம் எவ்வளவு வசதியானது என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும். அதைச் சொன்னவர்களில் பலர் அதனால் பயனடைந்தவர்களே.

நினைவில் அவருக்குக் கிடைத்த இடம்

பெயர் சூட்டுவதில் பிலிப்பைன்ஸ் கஞ்சத்தனம் காட்டவில்லை. மணிலாவில் ஒரு பெருஞ்சாலைக்கும் தொடர்வண்டி நிலையம் ஒன்றுக்கும், மிந்தனாவோவின் தென்கோடியில் ஒரு நகராட்சிக்கும் அவர் பெயர் உண்டு. 1991இல் வெளிவந்த ஆயிரம் பேசோ தாளில் அவரோடு, பிலிப்பைன்ஸ் பெண் சாரணர் இயக்கத்தை நிறுவிய ஹோசபா யானெஸ் எஸ்கோடாவும், படைத்தலைவர் விசெந்தே லிம்மும் இடம்பெற்றார்கள். மூவருமே ஜப்பானியரின் கைகளில் உயிரிழந்தவர்கள். 2022இல் பாலிமர் தாள் வந்தபோது மூவரின் முகங்களுக்குப் பதிலாகப் பிலிப்பைன் கழுகு அச்சிடப்பட்டது. போர்க்கால நினைவு அழிக்கப்படுகிறது என்று அப்போது எதிர்ப்பு எழுந்தது. எனக்கு அந்த எதிர்ப்பில் பாதி உடன்பாடுதான். முப்பது ஆண்டு அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு 1923ஆம் ஆண்டின் பதவி விலகலோ கொரெகிடோர் பதவியேற்போ தெரிந்திருந்தது என்ற ஐயம் எனக்கு உண்டு.

என் பார்வையில், தாளைவிடக் கூடுதலாகச் சொல்வது உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிகள் பட்டியல். அதில் ஐந்தாவது பெயர் ஹோசே அபாத் சாண்டோஸ். ஆறாவது பெயர் ஹோசே யூலோ. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது மணிலாவில் அதே நாற்காலியில் அமர்ந்தவர். குடியரசுத் தலைவர்கள் பட்டியலிலும் இப்படியே முதல் குடியரசின் தலைவர் எமிலியோ அகினால்டோவுக்கும் கெசோனுக்கும் அடுத்து மூன்றாமவராக லாரெல் எண்ணப்படுகிறார். இந்த ஏற்பு போர் முடிந்து பல ஆண்டு கழித்தே வந்தது. மறுத்தவருக்கும் ஏற்றவருக்கும் அடுத்தடுத்த எண்கள் கொடுத்திருக்கும் நாடு, இருவரையும் சமமாக மதிக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை; சாலைகளும் சிலைகளும் யாருக்கு அதிகம் என்று பார்த்தாலே அது விளங்கும். ஆனால் தன் வரலாற்றிலிருந்து யாரையும் வெட்டியெறிய அது இசையவில்லை. அபாத் சாண்டோஸின் மரபைப் படிக்கத் தொடங்குகிறவர் யூலோவின் பெயரையும் சேர்த்தே படிக்க வேண்டியிருப்பது அதனால்தான்.